12 வோல்ட் என்ன செய்துவிடும்?

(தொலைக்காட்சி கருத்துக்களத்தில் சுபாங் ஜெயா வட்டார வாகனமோட்டிகள் முன்னிலையில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கார் இருக்கையைச் சூடாக்கும் கருவியால் வரும் மின்சார ஆபத்து" என்று இன்றைய தலைப்பைச் சொன்னதும் முன்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு யுஎஸ்ஜே கடைவரிசையில் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் நம் கார் இருக்கை தோசைக்கல்லாகக் கிடக்கிறது. துண்டை விரித்து உட்காருகிற ஊரில் இருக்கையைச் சூடாக்க ஒரு கருவியா என்று கேட்கத்தான் தோன்றும்.

ஆனால் வெளியே போய் உங்கள் கார்களை ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஜப்பானிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்த ரீகண்டிஷன் கார்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை ஓடுகின்றன! குளிர்நாட்டுக்காகச் செய்யப்பட்ட அந்தக் கார்கள் பலவற்றில் இருக்கைச் சூடேற்றி இருக்கிறது. பொத்தான் இருப்பதே சிலருக்குத் தெரியாது. இன்னொரு வழியாகவும் இது நம்மிடம் வருகிறது. முதுகு வலிக்கு இதமாக இருக்கும் என்று சொல்லி, சூடும் அதிர்வும் தருகிற மெத்தைகளை இரவுச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் விற்கிறார்கள். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கும் லாரி ஓட்டுநர்களும், மின்னழைப்பு வாடகைக்கார் ஓட்டும் சகோதரர்களும் அதை வாங்கி, சிகரெட் லைட்டர் துளையில் செருகி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்கள்.

"கார் பேட்டரி வெறும் 12 வோல்ட்தானே, அது என்ன செய்துவிடும்?" என்பதுதான் பட்டறையிலும் வீட்டிலும் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே நான் இங்கே நிற்கிறேன்.

ஷாக் அடிக்காது, சுடும்

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். அது உடம்பில் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. 12 வோல்ட் அப்படிப் பாயாது. பேட்டரி முனைகளை உலர்ந்த கையால் தொட்டால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் நமக்குப் பயம் விட்டுப் போயிற்று.

ஆனால் கம்பி சூடாவதற்குக் காரணம் அதில் ஓடும் ஆம்பியர். 60 வாட் வேண்டும் என்றால் வீட்டு மின்சாரத்தில் கால் ஆம்பியர் போதும். அதே 60 வாட் 12 வோல்ட்டில் வேண்டும் என்றால் 5 ஆம்பியர் ஓட வேண்டும். ஏறத்தாழ 20 மடங்கு. கம்பி மெல்லியதாக இருந்தாலோ, முறுக்கிக் கட்டிய இணைப்பு தளர்ந்திருந்தாலோ, அந்த இடம் கொதிக்கத் தொடங்கும். பேட்டரியின் இரண்டு முனைகளும் நேராகச் சேர்ந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நேரத்தில் பாயும். பேட்டரி முனையில் ஸ்பேனர் தவறி விழுந்தால் பொறி பறப்பதைப் பட்டறைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பத்திரிகையில் "மின்கசிவு காரணமாகத் தீ" என்று ஒரே வரியில் படிக்கிறோமே, அந்த வரிக்குள் இருக்கும் கதை பல நேரங்களில் இதுதான்.

இருக்கைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தோல் உறைக்கும் பஞ்சுக்கும் நடுவில் மெல்லிய சூடேற்றும் இழை வளைந்து வளைந்து ஓடுகிறது. வெப்பம் கூடினால் நிறுத்த ஓர் உணர்கருவி இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பின்னால் இருக்கும் பையை எடுக்க இருக்கையில் முழங்காலை ஊன்றுகிறோம். அரிசி மூட்டையை ஏற்றுகிறோம். பிள்ளைகள் ஏறிக் குதிக்கிறார்கள். இழை ஓர் இடத்தில் மடிந்து நைந்தால் அங்கே மட்டும் சூடு குவியும். உணர்கருவி இருப்பதோ வேறோர் இடத்தில். இங்கே கருகுவது அதற்குத் தெரியாது.

பெரிய நிறுவனங்களே தடுமாறிய கதை

இதெல்லாம் மலிவான சாமான்களில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2002 முதல் 2004 வரையிலான ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஜெட்டா கார்கள் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. முன் இருக்கைச் சூடேற்றியில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு, இருக்கையும் அமர்ந்திருப்பவரும் சுடப்படலாம் என்பதே காரணம்.

2014 ஜனவரியில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சூடேற்றி பொருத்திய கேம்ரி, கொரோலா உள்ளிட்ட சில ரகங்களின் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. சூடேற்றியோடு வந்த துணி, தீப்பிடிக்கும் தன்மை குறித்த விதிக்கு உட்படவில்லை என்று தென்கொரியாவில் கண்டுபிடிக்கப்பட்டதே அதற்குக் காரணம். எந்தக் காரும் எரிந்ததாகப் புகார் இல்லை. இருந்தும் விற்பனையை நிறுத்தினார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. முன்கண்ணாடியைக் கழுவும் நீரைச் சூடாக்க ஒரு சிறிய கருவி வைத்தார்கள். அதில் தீ வந்தது. 2008இல் கார்களைத் திரும்ப அழைத்து ஃபியூஸ் வைத்த கம்பியைப் பொருத்தினார்கள். அதன் பிறகும் தீச்சம்பவங்கள் வந்தன. 2010 ஜூனில் ஏறத்தாழ 15 லட்சம் வாகனங்களை மீண்டும் அழைத்து, கருவியையே செயலிழக்கச் செய்து, உரிமையாளருக்கு 100 டாலர் கொடுத்து அனுப்பினார்கள். தேவையில்லாத சூட்டைக் கழற்றிவிடுவதே நல்லது என்ற முடிவுக்குப் பெரிய நிறுவனமே வந்தது.

இன்னொன்றைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. 2009இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு ஹோண்டா ஜாஸ் கார் எரிந்து, உள்ளே இருந்த சிறு குழந்தை இறந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி வழியாக மழைநீர் உள்ளே போய், கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தானை நனைத்தால் அது சூடாகித் தீப்பிடிக்கலாம் என்ற காரணத்தால், 2010 ஜனவரியில் ஹோண்டா உலகெங்கும் ஏறத்தாழ 6 லட்சத்து 46 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஒரு பொத்தானும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் அது. இருக்கைச் சூடேற்றியின் பொத்தானும் அதே காருக்குள்தான் இருக்கிறது. நம் நாட்டில் மழைக்கும் பஞ்சமில்லை.

உறைக்காத உடம்பு

தீயைப் பற்றிப் பேசினோம். தீயே இல்லாமல் புண்ணாக்கும் சூடு ஒன்றும் உண்டு. நம் குடும்பங்களுக்கு அதுதான் மிக நெருக்கமானது.

சுடுநீர் பட்டால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். 60 பாகை செல்சியஸ் சூடு சில வினாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். 44 பாகை அப்படி இல்லை. தொட்டால் இதமாகவே இருக்கும். ஆனால் அதே இடத்தில் ஆறு மணி நேரம் அழுத்திக்கொண்டிருந்தால் அதுவும் தோலைப் புண்ணாக்கும். இது 1947இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டு எழுதி வைத்தது. சூடு ஏற ஏற அந்த நேரமும் வேகமாகக் குறைந்துகொண்டே போகும். உடம்பின் பாரம் அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவதால் சூடு வெளியேற வழியில்லை.

நல்ல உணர்ச்சி இருப்பவர் கொஞ்சம் நெளிவார், பொத்தானை அணைப்பார். உணர்ச்சி இல்லாதவர்? அமெரிக்காவில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் சூடேற்றிய இருக்கையில் அமர்ந்து, வீட்டுக்குப் போய் உடை மாற்றும்போதுதான் ஆழமான தீப்புண்ணைக் கண்டிருக்கிறார்கள். 2011இல் அங்குள்ள தீப்புண் மருத்துவர்களும் வாகனப் பாதுகாப்பு ஆர்வலர்களும் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். இருக்கையின் வெப்பத்துக்கு உச்சவரம்பு வேண்டும், குறிப்பிட்ட நேரத்தில் தானாக அணைய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் இந்நோய் அதிகம் என்று இதற்கு முந்தைய ஆய்வுகள் காட்டின. நீண்ட நாள் நீரிழிவு நரம்பைப் பாதிக்கும். முதலில் பாதம் மரத்துப்போகும், பிறகு மேலே ஏறும். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு பக்கம் உணர்ச்சி குறையும். வலி மாத்திரை சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்குபவருக்கும் சூடு தெரியாது.

எண்ணிப் பாருங்கள். கிள்ளானில் இருந்து அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். வெளியே வெயில், உள்ளே ஏர்கோன். "குளிருதுப்பா" என்கிறார் அவர். ஏர்கோனைக் குறைத்தால் பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு வேர்க்கிறது. சரி என்று இருக்கைச் சூடேற்றியை முழு அளவில் போட்டுவிடுகிறோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். அப்பா கண்ணயர்ந்துவிடுகிறார். பாசத்தில் செய்த காரியம்தான். ஆனால் அவருக்கு 20 ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி என்றால், அந்தப் பொத்தானை நாம் தொடவே கூடாது. சர்க்கரை நோயாளிக்குப் புண் வந்தால் ஆறுவது எத்தனை கடினம் என்று இங்கே இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். அவருக்கு ஒரு சால்வை போதும்.

மரத்த பாதத்துக்கு அடியில் சூட்டு மெத்தையைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களும் அதை இன்றே நிறுத்திவிடுங்கள். குழந்தை இருக்கையைப் பொருத்தியிருக்கும் இடத்திலும் சூடேற்றி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சிளம் பிள்ளைக்குச் சுடுகிறது என்று சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும்.

இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறம்

இன்றைய காரில் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு கொத்துக் கம்பிகள் தெரியும். இருக்கையை நகர்த்தும் மோட்டாருக்கு ஒன்று, சூடேற்றிக்கு ஒன்று, ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் உணர்கருவிக்கு ஒன்று. அவற்றோடு மஞ்சள் நிற இணைப்பு ஒன்றும் இருக்கலாம். அது காற்றுப்பைக்கும் இருக்கை வார் இழுவைக்கும் உரியது. மஞ்சளைக் கண்டால் கைவைக்காதீர்கள் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அதில் மின்சாரம் வருகிறதா என்று சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால் காற்றுப்பை வெடித்து விரியக்கூடும்.

இருக்கைக்குப் புதிதாகத் தோல் உறை போடுகிறோம். கடைக்காரர் இருக்கையைக் கழற்றுகிறார். பேட்டரியை முதலில் கழற்றினாரா, சில நிமிடம் காத்திருந்தாரா, மஞ்சள் இணைப்பைத் திரும்பச் சரியாகப் பொருத்தினாரா என்று நாம் கேட்பதில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: "நாளைக்குக் கிடைக்குமா?" இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை என்ற அடையாளம் இருந்தால், அங்கே பிரிந்து வழிவிடும் தையல் உள்ள உறையைத்தான் போட வேண்டும். சாதாரண உறை காற்றுப்பையைக் கட்டிப்போட்டுவிடும்.

வெள்ளத்தையும் மறந்துவிட வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா எப்படி மூழ்கியது என்பதைப் பார்த்தோம். காருக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது தரைவிரிப்பும் இந்த இணைப்புகளும்தான். இருக்கையை வெயிலில் காயவைத்துவிட்டால் துணி உலர்ந்துவிடும், நாற்றமும் போய்விடும். இணைப்புக்குள் இருக்கும் செம்பு பச்சை பூத்துக்கொண்டே இருக்கும். பல மாதம் கழித்து ஒரு நாள் அது சூடாகும். எனவே வெள்ளம் புகுந்த காரை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றச் சொல்லி, இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்புகளைத் தெரிந்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பழைய கார் வாங்குபவர்கள் தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கைத் தண்டவாளத்தில் துருவும் சேறும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

"நம்ம பையன்தான், பில் எதுக்கு?"

இனி நம் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்கெனவே சொன்ன சூட்டு மெத்தை வேலை செய்யவில்லை. ஃபியூஸ் போய்விட்டது. தெரிந்த பையனைக் கூப்பிடுகிறோம். 15 ஆம்பியர் நீல ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸைச் செருகுகிறான். மெத்தை சூடாகிறது. நமக்கும் மகிழ்ச்சி. அவனுக்கு ஒரு தே தாரிக்கும் 20 வெள்ளியும்.

ஃபியூஸ் என்பது வாசலில் நிற்கும் காவல்காரன். கம்பி தாங்கும் அளவுக்கு மேல் ஆம்பியர் வந்தால் தன்னை எரித்துக்கொண்டு வீட்டைக் காப்பான். அவன் அடிக்கடி விழுகிறான் என்றால் உள்ளே திருடன் இருக்கிறான் என்று பொருள். நாம் திருடனைத் தேடுவதில்லை. விழித்துக்கொள்ளாத காவல்காரனை நிறுத்துகிறோம். 30 ஆம்பியர் ஃபியூஸ் எரிவதற்கு முன் அந்த மெல்லிய கம்பி எரிந்துவிடும். சிலர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுகிறார்கள். அது காவல்காரனே இல்லாத வாசல்.

ஃபியூஸின் நிறத்தை மனத்தில் வையுங்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எந்த நிறம் போனதோ அதே நிறம்தான் திரும்ப வர வேண்டும். அதுவும் போனால் பட்டறைக்குப் போங்கள்.

நம் பட்டறைத் தம்பிகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. திறமைசாலிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவசரப்படுத்துவதும் பேரம் பேசுவதும் நாம்தான். அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டாலும் பெரிய ஃபியூஸ் போட மாட்டேன் என்று சொல்லுங்கள். என்ன வேலை செய்தோம் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

வாடிக்கையாளர்களே, அந்தப் பில்லைக் கேட்டு வாங்குங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்லாமல் சேவைக்கும் பொருந்தும். செய்கிற வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். கையில் ரசீது இல்லாமல் போனால் எதை வைத்துப் பேசுவது? தீ விபத்துக்கு இழப்பீடு கேட்கும்போது காப்புறுதி நிறுவனமும் முதலில் வயரிங் வேலையைப் பற்றித்தான் கேட்கும்.

இன்று இரவே செய்யலாம்

வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். காரில் சூடேற்றிப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போட்டுவிட்டு, உட்காராமல், உள்ளங்கையால் இருக்கையைத் தடவிப் பாருங்கள். சூடு ஒரே சீராக வர வேண்டும். ஓர் இடம் மட்டும் கொதித்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, உடனே அணைத்துவிட்டுப் பட்டறைக்குச் சொல்லுங்கள். மலேசியாவில் அது நமக்குத் தேவையே இல்லை என்று நினைப்பவர்கள், அந்தச் சூடேற்றிக்கென்று தனி ஃபியூஸ் இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 15 லட்சம் வண்டிகளில் எடுத்த முடிவை நாம் ஒரே நிமிடத்தில் எடுக்கலாம்.

சூட்டு மெத்தை வைத்திருப்பவர்கள் இறங்கும்போது செருகியைப் பிடுங்கிவிடுங்கள். செருகி கைசுடும் அளவுக்கு இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். 50 வெள்ளி மெத்தைக்காகக் காரை இழக்க வேண்டாம்.

ஓடும் காரில் புகையோ பிளாஸ்டிக் கருகும் வாடையோ வந்தால், சாலையோரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்குங்கள். முதலில் பிள்ளைகள், பெரியவர்கள். கைப்பையும் கைப்பேசியும் பிறகு. முன்மூடியைத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ பெருகும். தடுப்புக்கு அப்பால் தள்ளி நின்று 999ஐ அழையுங்கள்.

12 வோல்ட் என்ன செய்துவிடும் என்று இனி யாராவது கேட்டால், ஷாக் அடிக்காது, ஆனால் நீங்கள் தூங்கும்போது சுடும் என்று சொல்லுங்கள். அப்பாவை முன் இருக்கையில் உட்காரவைக்கும்போது இருக்கை வாரை மாட்டிவிடுகிறோம் அல்லவா? அதோடு அந்தப் பொத்தானையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.